கடைசியாக இறங்குகிறவர்

நியூ கினி, ஜூன் 1943

என் அக்காள் பெற்ற அழகு ராணிக்கு,

குண்டுவீச்சுப் படைத் தலைவனான உன் மாமனுக்கு நேற்றுப் பதக்கம் குத்தினார்கள். நான் மீசையை முறுக்கியதும் எதிரிக் கப்பல்கள் தாமாகவே மூழ்கினவாம்! "தன் படைப் பிள்ளைகள் எல்லாரும் தரையிறங்கிய பிறகே இவர் இறங்குவார்" என்றும் வாசித்தார்கள்.

இன்று தொட்டியில் பெட்ரோல் வாசனை மட்டும் மிஞ்சும்வரை வானத்தில் வட்டமடித்தேன். உன் கணவன் ரெக்கின் விமானம் வரவில்லை. நான் இறங்கிவிட்டேன்.

திரும்பியவர்களுக்கு முட்டை பொரிக்கும் சமையல்காரன் கிளாரி, "ரெக்கோட முட்டைய வேற யாருக்காச்சும் குடுத்துரவா, தலைவரே?" என்றான்.

"தொட்டா உன்னையே பொரிச்சிடுவேன்டா!"

ரெக்கின் பெட்ரோல் ஒரு மணி நேரம் முன்பே தீர்ந்திருக்க வேண்டும். அவன் என்றைக்குக் கணக்குக்கு அடங்கினான்? பதக்கத்தை அவன் தட்டருகே வைத்திருக்கிறேன். கடைசியாக இறங்குகிறவருக்குத்தானே அது.

உன் மாமா