நாலு பேர் முன்னால்

சென்னை,
21-11-1963

அன்புள்ள நைனாவுக்கு,

சாரதா வணக்கத்துடன் எழுதுவது. நல்லபடியாக விடுதிக்கு வந்து சேர்ந்தேன். திண்டிவனத்தில் பஸ் மாறும்போது மழை பிடித்துக்கொண்டது. பெட்டியெல்லாம் ஈரம். அம்மா கட்டிக் கொடுத்த அதிரசம் மட்டும் எப்படியோ தப்பித்தது.

கடைக்கு வந்து உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். தப்புதான். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்து 'போய்ட்டு வரேன்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் அவலூர்பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் அப்பா கோதண்டராமன், "பொண்ணு இன்னா படிக்குது?" என்றார். விலங்கியல் என்றேன். "கொரங்குலருந்து மனுசன் வந்தான்னு சொல்றாங்களே, அந்தப் படிப்பா? நீ அத நம்புறியாம்மா?" என்றார். "நம்புறேங்க" என்றேன். "அப்போ பெருமாளக் கும்பிட மாட்டியா?" என்று கேட்டார். தினமும் கும்பிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் குறுக்கே விழுந்தீர்கள். "அது இன்னா கண்டுது? பரீட்சைக்கு ஒப்பிக்குது, அவ்ளோதான்." அதோடு விட்டிருக்கலாம். என் பக்கம் திரும்பி, "சாமி வெளக்கு எரியுது பாரு. அது முன்னால, அந்தக் கொரங்குக் கதையெல்லாம் பொய்னு சொல்லிடும்மா" என்றீர்கள்.

கூடம் நிறைய ஜனம். மாப்பிள்ளை அரிகிருஷ்ணன் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் "பொய்ங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "பொண்ணு தங்கம்" என்றார் கோதண்டராமன்.

நீங்கள் சொன்னதில் எனக்கு வருத்தம்தான். நான் சொன்னதில்தான் வெட்கம். இங்கே வகுப்பில் அதே பாடம் நடக்கிறது, எழுந்து பதில் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் கண்ணை மூடிப் பெருமாளை நினைத்தாலும் அந்த விளக்குதான் வருகிறது.

அம்மாவுக்கு நமஸ்காரம்.

உங்கள் மகள்,
சாரதா


ஸ்ரீராமஜெயம்

செஞ்சி,
27-11-1963

அருமை மகள் சாரதாவுக்கு நைனா ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கு எல்லோரும் க்ஷேமம். கடையில் ஆள் இருந்ததால் உன் கடிதத்தை மிளகாய் மூட்டைக்குப் பின்னால் நின்று படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, "நெடி ஜாஸ்தியா இருக்குது" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொன்னேன். அம்மா என்னிடம் பேசுவதில்லை. சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், போய்விடுகிறாள். நீ அவளிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போனாயோ என்னவோ.

கண்ணு, உன்னைக் காலேஜில் சேர்த்தபோதே பஜாரில் என்னென்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியாது. 'மளிகைக் கடைக்காரன் பொண்ணுக்குப் பட்டம் எதுக்கு? படிச்சதுங்க சாமியில்லம்பாங்க, கட்டுனவன மதிக்காதுங்க' என்று என் காதில் விழும்படியே சொன்னார்கள். அன்றைக்குக் கோதண்டராமன் கேட்டதும் அதெல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்து, வாய் முந்திக்கொண்டது. எனக்கு உன்மேல் சந்தேகமில்லை. ஊர்மேல்தான் பயம். மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தையில் முகூர்த்தம் வைக்கலாம் என்கிறார்கள்.

சனிக்கிழமை சிங்கவரம் போய் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்து யோசித்தேன். பெருமாள் முதலில் மீனாக வந்தார். அப்புறம் ஆமை, அப்புறம் பன்றி, அப்புறம் பாதி சிங்கம் பாதி மனிதன். அதற்கப்புறம்தான் முழு மனிதன். உங்கள் புத்தகமும் ஏறக்குறைய இதைத்தானே சொல்கிறது? அப்படியென்றால் சண்டையே இல்லையே! கோதண்டராமனிடமும் இப்படியே சொல்லிவிடலாம். சரியா தப்பா என்று எழுது. நேரில் வந்தும் பேசுகிறேன்.

நைனா,
ராஜகோபால்


சென்னை,
2-12-1963

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மிளகாய் மூட்டை இங்கே கிடையாது. அதனால் தோழிகள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: தப்பு நைனா. கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பாடத்தில் வருகிற மீன், யாரையும் காப்பாற்ற வேண்டுமென்று வந்த மீன் இல்லை. பிழைத்தது வம்சம் வளர்த்தது, பிழைக்காதது போய்விட்டது. நினைத்துப் பார்க்க முடியாத காலம் அப்படியே நடந்து, கொஞ்சம் கொஞ்சமாக உருவம் மாறியிருக்கிறது. பன்றியிலிருந்து சிங்கமும் வரவில்லை. பெருமாளை எங்கள் பாடத்துக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட வேண்டாம். நாளைக்குப் பாடத்தில் ஒரு திருத்தம் வந்தால் அவரையும் திருத்தவேண்டி வரும்.

கோதண்டராமன் சொன்னதும் சரியில்லை. கோட்டையில் நம் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுமே குரங்கு, அதிலிருந்து நாம் வரவில்லை. அதற்கும் நமக்கும் எப்போதோ ஒரே பாட்டன். பங்காளிகள் மாதிரி.

போன வாரம் அடைகாத்த கோழி முட்டையை உடைத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தோம். குஞ்சு என்று சொல்லவே முடியாது, வளைந்த நூல் மாதிரி இருந்தது. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டே இருந்தது. அதுதான் இதயம். கழுத்தில் மடிப்பு மடிப்பாக இருந்தது. மீனுக்கு அந்த இடத்தில்தான் செவுள் வரும். மனிதக் கருவிலும் அந்த மடிப்பு வந்து போகிறதாம். மீனும் கோழியும் நானும் உறவு என்று அதைப் பார்த்தபோதுதான் நிஜமாக நம்பினேன். அதே நிமிஷம் என்னை அறியாமல் "ரங்கநாதா" என்றும் சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான்.

எப்படி நடந்தது என்று பாடம் சொல்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு ஏன் கை கூப்பத் தோன்றியது என்று சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துத் தைக்க எனக்குத் தெரியவில்லை நைனா. ஆனால் இரண்டும் எனக்குள் இருக்கின்றன. ஒன்று மற்றதைப் போகச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்.

நேரில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, வாருங்கள். காத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்,
சாரதா


ஸ்ரீராமஜெயம்

செஞ்சி,
12-12-1963

சாரதாவுக்கு நைனா எழுதுவது.

திங்கட்கிழமை நான் சென்னை வந்தேன். உன் கடிதம் படித்ததிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை. 'நான் செய்தது தப்பு' என்று உன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். அம்மா முறுக்கு சுட்டுக் கொடுத்தாள். என்னிடம் பேசவும் பேசினாள். "போய் ஒழுங்கா சொல்லிட்டு வா" என்றாள்.

காலையில் உங்கள் காலேஜ் வாசலுக்கு வந்தபோது நீங்கள் எல்லோரும் மியூசியம் போவதற்கு வரிசையாக நின்றுகொண்டிருந்தீர்கள். உன் நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கோடு சிவப்பாக இருந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வரிசை கலையட்டும் என்று மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

உங்கள் டீச்சரம்மா உன்னிடம் வந்து, "சாரதா, பரிணாமத்துல முதல் மார்க் வாங்கிட்டு நெத்தியில என்ன இது? எதை நம்புறே நீ?" என்று கேட்டார். பெண்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "அம்மா சின்ன வயசுலருந்து பழக்கிட்டாங்க மிஸ். சும்மா. எனக்கு அதுல நம்பிக்கையெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றாய். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டாய்.

உன்மேல் கோபம் என்று நினைக்காதே. எனக்குக் கேட்டது உன் குரலாகவே இல்லை. கூடத்தில் உட்கார்ந்து பேசிய என் குரல்தான் அது. நாலு பேர் முன்னால் ஒன்று கேட்டால் இப்படித்தான் நழுவ வேண்டும் என்று நான்தானே உனக்குக் காட்டிக் கொடுத்தேன்? இனி எந்த முகத்தோடு உன் முன்னால் வந்து நிற்பது? பொட்டலத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அம்மாவிடம், உன்னைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறாய் என்று சொல்லியிருக்கிறேன்.

நைனா


சென்னை,
15-12-1963

நைனாவுக்கு,

வாட்ச்மேன் பொட்டலத்தைக் கொடுத்தபோது யார் கொடுத்தது என்று கேட்டேன். "நாமம் போட்ட பெரியவரு. ரொம்ப நேரமா மரத்தாண்ட நின்னுட்டிருந்தாரும்மா" என்றார். அப்போதே தெரிந்துவிட்டது. உங்களிடமிருந்து கடிதம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டிக்கொண்டேன் பாருங்கள்.

முறுக்கை ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை. நானும் சாப்பிடவில்லை. அப்படியே இருக்கிறது.

என்னை யாரும் வற்புறுத்தவில்லை நைனா. மிஸ் விளையாட்டாகத்தான் கேட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். அதற்கே என்னால் முடியவில்லை. உங்களுக்கு அவ்வளவு பெரிதாக எழுதினேனே, இரண்டும் எனக்குள் இருக்கின்றன என்று. அங்கே கேட்டால் இதை மறைக்கிறேன், இங்கே கேட்டால் அதை மறைக்கிறேன். எனக்கு எதுவுமே நம்பிக்கை இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

தையிலேயே முகூர்த்தம் வைத்துவிடுங்கள். எனக்குச் சம்மதம். படிப்பையும் நிறுத்திவிடுகிறேன். அந்த வீட்டில் இனி என்னை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. நானும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. உங்களை எதிர்த்துப் பேச இனி எனக்கு முகமில்லை.

சாரதா


ஸ்ரீராமஜெயம்

செஞ்சி,
24-12-1963

என் கண்ணு சாரதாவுக்கு நைனா ஆசீர்வாதம்.

பதில் எழுத நாளாகிவிட்டது. அதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவலூர்பேட்டை போய்வந்தேன்.

கோதண்டராமன் மண்டியில் உட்கார்ந்து நிலக்கடலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று பார்த்தேன். வேண்டாம் என்று ஆட்கள் இருக்கும்போதே சொன்னேன். "அன்னைக்கு எம் பொண்ணு பொய்னு சொன்னது நான் சொல்லச் சொன்னதாலதான். அது படிக்கிறத நம்புது. பெருமாளையும் நம்புது."

அவர் சிரித்தார். "இதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க? நம்பட்டுமே! மனசுக்குள்ள வச்சிக்கட்டும். வெளியில சொல்லாம இருந்தா சரி. அவங்கவங்க எத்தினியோ உள்ள வச்சிக்கினுதான் குடித்தனம் பண்றாங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு 'அப்பாடா' என்று இருந்தது. சம்பந்தமும் நிலைக்கும், சொல்ல வேண்டியதைச் சொன்னதாகவும் ஆகும், எழுந்து வந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். அந்த ஆசையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அப்புறம்தான், "இல்லீங்க. உள்ள வச்சிக்கன்னு சொல்லி எம் பொண்ண அனுப்ப மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது. "அப்போ வேற எடம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அரிகிருஷ்ணன் சைக்கிளில் வந்தான். "நானும் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிச்சவன்தாங்க. அன்னைக்கு எங்க நைனாவ எதுத்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்கல" என்றான். பஸ் வரும்வரை இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

இங்கே பஜாரில் அதற்குள் தெரிந்துவிட்டது. நேற்று சலூனில் ஒருவன், "இன்னா ராஜகோபாலு, மாப்பிள்ளைய கோட்டை கொரங்குல தேடப் போறியா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அவலூர்பேட்டையில் வந்த தைரியம் நம் ஊரில் வரவில்லை.

நீ எழுதியிருந்ததை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மரத்துக்குப் பின்னால் நின்றதையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதாள். "வெக்கப்பட்டுக்கினு நம்ம பொண்ணு கல்யாணம் பண்ணிக்க வேணாம்" என்றாள். நானும் அதைத்தான் சொல்கிறேன். வெட்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காகப் படிப்பை விடாதே. உங்கள் டீச்சரிடம் உண்மையைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். உன்னை இனி எதையும் சொல்லச் சொல்ல மாட்டேன்.

நம்பிக்கையே இல்லையோ என்று எழுதியிருக்கிறாய். நம்பாதவளுக்கு இவ்வளவு வலிக்குமா?

பொங்கலுக்கு வா. மீனுக்கும் நமக்கும் எப்படி உறவு, அது இருக்கும்போது பெருமாள் எப்படி இருக்கிறார் என்பது எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. எனக்குச் சொல்லிக் கொடு. வீட்டுக்குள் வைத்து வேண்டாம். காலையில் வியாபாரம் நடக்கிற நேரத்தில் கடைக்கு வா. உனக்கு ஒரு நாற்காலி போடுகிறேன். ஜனங்கள் கேட்டால் கேட்கட்டும், சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு முகம் எரியும். உனக்கும் எரியும். இருந்தாலும் நீ சொல்லு. நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.

உன் நைனா,
ராஜகோபால்