சபீராவின் பச்சை நோட்டு

6, திங்கள்

காலையிலிருந்து தூறல். லஸ் முனையில் மெட்ரோ பள்ளம், ஆட்டோ ஊரைச் சுற்றியது. கண் ஆஸ்பத்திரிக்கு லேட்.

வியாழனன்று தரச்சான்றுக் குழு வருகை. விழித்திரையைப் படம் பிடித்து, சர்க்கரையால் பாதிப்பு உண்டா இல்லையா என்று தானே சொல்லும் ஏ.ஐ. கேமரா இங்கே இருக்கலாமா கூடாதா என்பது அவர்கள் கையில். தர அலுவலர் நான். திட்டு வாங்கப்போவதும் நான்.

செய்ய: ஒப்புதல் படிவம் தமிழில். கேமரா அறை ட்யூப்லைட். தோசை மாவு.

7, செவ்வாய்

அந்தக் கேமராவில் படமெடுக்கும் சபீராவிடம் ஒரு பச்சை நோட்டு. மிஷின் ‘பாதிப்பு இல்லை’ என்று சொல்லியும் மனம் ஒப்பாமல் அவள் டாக்டரிடம் அனுப்பியவர்கள் அதில். நான்கு கட்டம்: தேதி, மிஷின் சொன்னது, என் சந்தேகம், டாக்டர் சொன்னது. பல இடத்தில் இவள்தான் சரி. மாடவீதி பூக்காரி கஸ்தூரிக்குப் பார்வை பிழைத்தது இவளால். படிக்கப் படிக்கப் பெருமை. கூடவே பயம். இத்தனை தவறா என்று குழு கேட்டால்?

“வியாழன் முடியிற வரைக்கும் இது வீட்ல இருக்கட்டும் சபீரா.”

“இன்னா ரேவதிக்கா, தப்பு பண்ணது மிஷினு. நோட்டு இன்னா பண்ணுச்சு?”

மதியம் தனியாகப் போய்ச் சாப்பிட்டாள். எனக்கென்று கொண்டுவரும் மட்டன் சுக்கா இன்று இல்லை.

8, புதன்

வெயில். ட்யூப்லைட் ஆச்சு. மாவு புளித்துவிட்டது. சபீரா என்னை ‘மேடம்’ என்றாள். மூன்று வருஷத்தில் முதல்முறை. சுருக்கென்றது.

9, வியாழன்

குழு டாக்டரம்மா எல்லா ஃபைலையும் புரட்டிவிட்டு, “மிஷின் தப்பா சொன்னா யார் கண்டுபிடிக்கிறீங்க? எங்க எழுதி வைக்கிறீங்க?” என்றார். அதற்குத்தான் ஃபைல் இல்லை.

சபீராவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். “நோட்டு இருக்கு மேடம். நான்தான் மறைக்கச் சொன்னேன்” என்றேன் டாக்டரம்மாவிடம்.

சபீரா கைப்பையைத் திறந்தாள். நோட்டு வீட்டுக்குப் போகவே இல்லை. கழுதை! கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

டாக்டரம்மா ஒரு பக்கம் விடாமல் படித்தார். கடைசிப் பக்கத்தில் சிரித்துவிட்டார். கேமரா இருக்கலாம் என்று எழுதப்போகிறார்களாம். நிபந்தனை ஒன்று: இந்த நோட்டுதான் இனி பதிவேடு.

10, வெள்ளி

நோட்டின் கடைசிப் பக்கம் இப்போதுதான் பார்த்தேன். தேதி: 7. மிஷின் சொன்னது என்ற இடத்தில், ‘ரேவதிக்கா: நோட்டு வேணாம்.’ என் சந்தேகம்: ‘அடுத்த கஸ்தூரிக்கு யாரு?’ டாக்டர் சொன்னது: காலி.

அந்தக் கட்டத்தில் ‘சபீராதான் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மதியம் சுக்கா வந்தது.