மேகம் படிக்கப் போகிறவளுக்கு

பாஸ்வேர்டு மறந்த பாதி உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் என் அக்கா மகளுக்கு,

விழுப்புரத்திலிருந்து மாமன் எழுதுவது. ஹெல்ப்டெஸ்க் வேலையை விட்டு மேலே போக எந்தச் சான்றிதழ் படிக்கலாம், நெட்வொர்க்கா, கிளவுடா என்று கேட்டிருந்தாய். செல்போனை அணைக்கவே ஆள் தேடுகிற என்னைக் கேட்ட உன் துணிச்சலுக்கு இமயமலையே எழுந்து நின்று கும்பிடும்.

நெட்வொர்க் என்றால் புனேவில் வேலை, கிளவுட் என்றால் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றாய். அவ்வளவுதான். கிளவுட் என்றால் மேகம் என்று விசாரித்து, "எங்க பாப்பா மேகம் படிக்கப்போவுது" என்று திண்டிவனம் வரை தண்டோரா போட்டுவிட்டேன். நேற்று நிலக்கடலை விதைத்திருக்கும் முகையூர் சீனுவாசன் வந்துவிட்டான்.

"அண்ணே, மல்லாட்டை போட்டுட்டு வானத்தைப் பாத்துக்கினு கீறேன். மழை எப்பன்னு பாப்பாவ ஜல்தியா கேட்டுச் சொல்லுங்க."

"மனு கொடுடா, பரிசீலிக்கிறோம்" என்றேன்.

நீ இங்கே இருந்து வேலை பார்க்க மாடி அறைக்கு வெள்ளை அடித்து, இன்டர்நெட்டும் இழுத்தாயிற்று. மின்விசிறி சும்மா கிடந்தால் துருப்பிடிக்குமாமே! அதனால் சாயங்காலம் அதைப் போட்டுவிட்டு நானே அதனடியில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் போன வாரம் நெட்வொர்க் ரவுட்டரைப் பற்றி மூச்சு வாங்காமல் பேசினாய். கிளவுடைப் பற்றிக் கேட்டதும், "அதுவும் நல்லதுதான் மாமா" என்றாய். அந்த 'அதுவும்' எனக்குக் கேட்டுவிட்டது.

நெட்வொர்க்கே படி, பாப்பா. புனேவில் வீடு பார்க்கும்போது மட்டும் எனக்கும் சேர்த்து இரண்டு பாய் விரிக்க இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

உன் தாய்மாமன்