பெரட்டு மணிக்குப் பிறந்தவள்

பதுளை,
10.10.2024

அன்புள்ள மகன் சேந்தனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. ரொறன்ரோவில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இரவில் சோறு சமைக்காமல் பாணைக் கடித்துவிட்டுப் படுக்காதே.

கிழமைக்கு இரண்டு தரம் ஃபோனில் கதைக்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். ஃபோனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரி அம்மா" என்கிறாய். மழை என்றாலும் சரி அம்மா, மாவுக்குத் தட்டுப்பாடு என்றாலும் சரி அம்மா. இந்த விஷயத்துக்கும் அப்படிச் சொல்லிவிட்டு நீ ஃபோனை வைத்தால் என்னால் தாங்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை எங்கள் பென்சன்காரர் சங்கத்தில் ஒரு வேன் பிடித்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். என்னோடு படிப்பித்த ஸித்தி ஸுபைதா டீச்சர்தான் ஒழுங்கு செய்தார். எந்தத் தோட்டம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. நீ கட்ட ஆசைப்பட்ட விஜயலெட்சுமியின் தோட்டம்தான். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் நானும் வருகிறேன் என்றேன். தெரியாமல் போனேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

சமைக்கும்போது குசினி யன்னலைத் திறந்தால் தெரிவது அந்தத் தோட்டம் இருக்கிற மலைதான். முப்பத்தொரு வருஷம் பதுளையில் இருந்தும் ஒரு நாள் ஏறிப் பார்த்ததில்லை. இப்போது அதைப் பார்க்க வெள்ளைக்காரர் எங்கிருந்தோ எல்லாம் வருகிறார்கள். தேயிலைக்கு நடுவே நடத்திக் கூட்டிப்போய் ஒரு சின்ன அருவியைக் காட்டுகிறார்கள். கூடையை மாட்டிவிட்டுக் கொழுந்து எடுக்கச் சொல்லிப் படம் பிடிக்கிறார்கள். பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீட்டில் பகல் சாப்பாடு. ஊர் என்று பார்த்தால் பருப்பிலிருந்து ஃபோன் ரீலோட் வரை விற்கும் ஒரு கடை, கிழமைக்கு மூன்று நாள் திறக்கும் மருந்துச்சாலை, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா, ஒரு மாரியம்மன் கோயில். சரிவை வெட்டி ஒரு மைதானம் வைத்திருக்கிறார்கள். அதில் பெண்பிள்ளைகள் வலைப்பந்து விளையாடுகிறார்கள். பந்து தவறினால் கீழ் லயத்துக்குப் போய்த்தான் எடுத்து வர வேண்டுமாம்.

வந்து போகிற எங்களுக்கு டைல்ஸ் பதித்த கழிவறை. லயத்திலோ எட்டுக் குடும்பத்துக்கு ஒரு பைப். இதென்ன அநியாயம் என்று நான் எரிந்து விழுந்தேன். ஸுபைதா டீச்சர் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "முப்பது வருஷமா வராத கோவம் இண்டைக்கு மட்டும் எங்கேந்து டீச்சர் வந்த?" என்று கேட்டார்.

எங்களைக் கூட்டிப்போய்க் காட்டியவள் விஜயலெட்சுமி. நீ முன்பு காட்டிய படத்தில் பார்த்த அதே முகம், கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். கீழே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாளாம், சனி ஞாயிறுகளில் இந்த வேலை. கல் வழுக்கிய இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா வாங்கம்மா, வேன் நம்மள விட்டுட்டுப் போயிடாது" என்றாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்று நினைத்து நிம்மதிப்பட்டேன். தேத்தண்ணீர் வந்தது. எல்லோருக்கும் சீனி போட்டது. எனக்கு மட்டும், கேட்காமலே, சீனி இல்லாமல் இஞ்சி தட்டிப் போட்டது. நான் அப்படித்தான் குடிப்பேன் என்று அவளுக்கு உன்னைத் தவிர யார் சொல்லியிருக்க முடியும்?

பகல் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான் என்று அதற்குப் பிறகுதான் சொன்னார்கள். அவள் தகப்பன் அழகர் இடுப்பைப் பிடித்தபடி வாசலுக்கு வந்து கும்பிட்டார்.

பத்து வருஷத்துக்கு முந்தி அந்த மனிதர் நம் வீட்டுக்குச் சாதகத்தோடு வந்தது உனக்கு நினைவிருக்கும். கொண்டு வரச் சொன்னவள் நான்தான். அவர்களிடம் சாதகம் இருக்காது, இல்லை என்று சொன்னதும் கதையை முடித்துவிடலாம் என்று எண்ணித்தான் கேட்டேன். அவர் விடவில்லை. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு மணி அடிக்கும்போது பிறந்த பிள்ளை என்று மருத்துவிச்சி மாரியாயி சொன்னதை வைத்து, லுணுகலையில் ஒருவரிடம் எழுதுவித்து, நாலு மூலையிலும் மஞ்சள் பூசிக் கொண்டு வந்தார். நான் அதை எங்கள் சாத்திரியாரிடம் காட்டிவிட்டு வந்து உங்கள் எல்லோருக்கும் சொன்னேன்: மணியை நம்பிக் குறித்த நேரம் பிழை, திருத்திக் கணித்தால் மூல நட்சத்திரம், பெண் மூலம் நிர்மூலம், மாமனார் உயிருக்கு ஆகாது. அப்பாவுக்கு இருதய வருத்தம் தொடங்கி அப்போது ஆறு மாதம். நீ அவருடைய மருந்துக் குளிசைப் பெட்டியைப் பார்த்தாய். பிறகு "சரி அம்மா" என்றாய். அடுத்த வருஷம் கனடாவுக்குப் போய்விட்டாய்.

போன சனிக்கிழமை வாசலில் அழகர் முதலில் கேட்டது, "அய்யா சொகமா இருக்காருங்களா?" என்றுதான். அவர் போய் ஏழு வருஷம் என்றேன். அழகர், "எம்புள்ளய அனுப்பியிருந்தா அந்தப் பழி அவ தலையிலதான் விழுந்திருக்கும்ங்க. நீங்க அன்னைக்கு ஒளிக்காம சொன்னீங்க டீச்சரம்மா, நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லி மறுபடியும் என்னைக் கும்பிட்டார்.

மற்றதை அவள் தாய் நல்லம்மா, ரொட்டியும் சம்பலும் வைத்துக்கொண்டே சொன்னார். மூன்று இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்களாம். ஒருவர் பூனாகலையில் ஒரு வாத்தியார், நல்ல பையனாம். நட்சத்திரம் கேட்ட எல்லோரிடமும் மூலம் என்றே சொல்லியிருக்கிறார்கள். "எங்க தாள்ல கேட்டைன்னுதான் எழுதியிருக்கு. ஆனா படிச்சவங்க பாத்துச் சொன்னத மறைச்சு, இன்னொரு வீட்டுக்குள்ள எமனக் கூட்டிட்டுப் போகலாமாங்க?" என்று என்னிடமே கேட்டார். வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. அவளுக்கு இப்போது முப்பத்து மூன்று வயது.

சாத்திரியார் சொன்னது வேறு, தம்பி. நேரம் சரி என்றார். பெண் கேட்டைதான், மூலம் இல்லை என்றார். கேட்டை மூத்தாருக்குத்தான் ஆகாது, உங்கள் மகனுக்குத் தமையன் இல்லையே, பத்தில் எட்டுப் பொருத்தம் இருக்கிறது, தாராளமாகச் செய்யுங்கள் என்றார். வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் அந்தப் பொய்யை நானே கட்டினேன். அப்பாவுக்கும் தெரியாது. தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர்களோடு போய்ச் சம்பந்தம் செய்தாள் என்று பிறந்த ஊரில் என் அக்காமார் சொல்வார்களே என்ற பயம். அதைத் தவிர எனக்கு வேறு ஒரு நியாயமும் இல்லை. மூலம் கால் வைக்காத வீட்டிலிருந்துதான் மூன்று வருஷத்தில் அப்பா போனார். நான் சொன்ன பொய்யை அந்தச் சனம் மட்டும் பத்து வருஷமாக உண்மை என்று நம்பி, வருகிறவர்களுக்கெல்லாம் நேர்மையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. மழை வரப்போகிறது, வெளிக்கிடுவோம் என்று ஸுபைதா டீச்சர் கூப்பிட்டார். அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு எழும்பிவிட்டேன். வேன் வரை வந்த விஜயலெட்சுமி கதவைச் சாத்துமுன், "சேந்தன் நல்லா இருக்காராம்மா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். இருக்கிறான் என்றேன். முப்பத்தாறு வயதில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிற பிள்ளையைப் பற்றி நான் சொன்ன அந்தப் பதிலும் உண்மைதானா என்று தெரியவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ் எடுத்துத் தனியாக மேலே போகிறேன். சாத்திரியார் தன் கையால் எழுதித் தந்த பொருத்தத் தாளை அப்பாவின் பென்சன் ஃபைலுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். ஏன் கிழித்துப் போடவில்லை என்று எனக்கே விளங்கவில்லை. அதன் போட்டோக் கொப்பியை அவர்களுக்குக் கொண்டு போகிறேன். அசலை இதோடு உனக்கு அனுப்புகிறேன். என்னிடம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கிழித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நீ அவளைக் கட்டு என்று சொல்ல எனக்கு இனி வாய் இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அது நீங்கள் இரண்டு பேரும் தீர்மானிக்க வேண்டியது. உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கு ஃபோன் எடுக்காதே. முதலில் அழகருக்கு எடு. பொருத்தத் தாளின் பின்பக்கம் அவருடைய நம்பர் எழுதியிருக்கிறேன். டீச்சர் வந்தாரா, வந்து என்ன சொன்னார் என்று கேள். நான் போகவில்லை என்றால், அல்லது போய் அவர்கள் கையால் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பியிருந்தால், எனக்காகக் காத்திராமல் நீயே சொல்லிவிடு.

பிள்ளையார் உன்னையும் அந்தப் பிள்ளையையும் காப்பாராக.

இப்படிக்கு,
உனக்குப் பிழை செய்த அம்மா,
செல்வநாயகி சிவராசா