பொட்டு வச்ச கம்ப்யூட்டருக்கு ஒரு எஸ்எஸ்டி

செவ்வாய், இரவு.

கம்ப்யூட்டர் நேத்தும் பாதியில நின்னுபோச்சு. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள கல்யாண ஆல்பத்தை முடிக்கலேன்னா மடுல்சீமையில இனி யாரும் எனக்கு வேலை தரமாட்டாங்க. அதான் இன்னைக்கு பதுளைக்குப் போனேன், பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலா மாட்டுற எஸ்எஸ்டி வாங்க.

கடைக்கார நானா சூயிங்கம் மாதிரி மெல்லிசா ஒன்னை நீட்டினார். "இருக்கிறதுலயே வேகம் இதுதான் தங்கச்சி. கொண்டு போங்க."

"எங்க கம்ப்யூட்டர் உள்ள இருக்கிற போர்டுல இதுக்கு இடம் இருக்கான்னு பார்க்காம வாங்கமாட்டேன் நானா."

எங்க தோட்டத்து லய வீட்டுல சிக்னல் கிடையாது. சிக்னல் கிடைக்கிற கோயில் மேட்டுல காத்திருந்த வீட்டுக்காரர்கிட்ட போன்ல, கீழ வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர் உள்பக்கத்தை போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னேன். இறங்கி ஏறி அனுப்பினார். பார்த்தா மூடின பெட்டி! சரஸ்வதி பூசைக்கு வச்ச பொட்டு அழிஞ்சிரும்னு திறக்கலயாம். திரும்பவும் இறக்கினேன்.

"பஸ் போயிரும் தங்கச்சி," என்றார் நானா. நான் அசையல.

ரெண்டாவது போட்டோவுல தெரிஞ்சுது, அந்த மெல்லிசுக்கு இடமே இல்ல. வயர்ல மாட்டுற தட்டையான எஸ்எஸ்டியை வாங்கிட்டு ஓடி வந்து பஸ் ஏறினேன். வேகம் கொஞ்சம் குறைவுதான். ஆனா எங்க கம்ப்யூட்டருக்குச் சேரும்.

வீட்டுக்கு வந்து பார்த்தா, மூடியை மாட்டி, அழிஞ்ச பொட்டைக் கோணலா திரும்ப வச்சிருக்கார்.

காலையில அந்த மூடியை நான் கழட்டத்தான் போறேன். குங்குமச் சிமிழைப் பக்கத்துலயே எடுத்து வச்சிட்டேன்.