கருப்பியை நீ கூப்பிட்ட காலை

இன்று காலை வாசல் தெளிக்கக் கதவைத் திறந்ததுமே பெயின்ட் வாடை மூக்கில் ஏறியது. மாநகராட்சியின் தடுப்பூசி வண்டி நம் சந்துக்கு வந்திருந்தது. ஊசி போட்ட நாய் எது, போடாதது எது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் நெற்றியிலும் பச்சை பூசிக்கொண்டிருந்தார்கள். வலை வைத்திருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வேற ரோடுல எல்லாம் வண்டிய நிறுத்தினாலே சண்டைக்கு வருவாங்கம்மா. இங்கதான் டீ குடுக்கறாங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன்னிடம்தான் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஜீவனஹள்ளியில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நீ சிட்டி பஸ்ஸில் கண்டக்டர். நான் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறவள். பஸ்ஸில் குடித்துவிட்டு வம்பு செய்தவனைக் காலரைப் பிடித்து இறக்கிவிட்டவள் நீ. ஆனால் நாயைக் கண்டால் மட்டும் உனக்குக் கை கால் ஓடாது. மர்பி டவுனில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்களாம். "அத நெனச்சா இப்பவும் வயிறு இழுக்குதுடி" என்பாய். முதல் ஷிப்டு இருக்கும் நாட்களில் விடியுமுன் கையில் குடையோடு கிளம்புவாய், மழை இல்லாத மாதத்திலும். மெயின் ரோடு வரைக்கும் நான் துணைக்கு வருவேன். "உன் கெம்பாவ உள்ள போட்டுட்டு வா" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கத்துவாய். கெம்பா நான் வளர்க்கும் செந்நிற நாய். உன்னைக் கண்டால் வாலாட்டுவதைத் தவிர அது வேறெதுவும் செய்ததில்லை. அந்த வாலாட்டலையும் நீ நம்பியதில்லை.

நம் தெருநாய் கருப்பி குட்டி போட்டிருந்த சமயம் அது. புதிதாகக் கட்டும் வீட்டின் மணல் குவியலுக்குப் பின்னால் குட்டிகளை வைத்திருந்தது. தெரியாமல் பக்கத்தில் சிலிண்டரை இறக்கிய கேஸ்காரரின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. உனக்கு அன்று லீவு. முதலில் ஓடி வந்தவள் நீதான். குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு அந்தக் காயத்தை விடாமல் கழுவினாய். பிறகு ஆட்டோவில் ஏற்றி கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாய். அடுத்தடுத்த ஊசிகளுக்கு அவர் போகும்வரை போன் போட்டு நச்சரித்ததும் நீதான்.

அன்று சாயங்காலம் தெருப் பெரியவர் மூர்த்தி சார் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் தெருவே கூடியது. எல்லா நாய்களையும் டெம்போவில் ஏற்றி ஊருக்கு வெளியே அத்திபெலே தாண்டி விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நான் வேண்டாம் என்றேன். "நீங்க நாய் வளக்கறவங்க, அப்படித்தான் பேசுவீங்க" என்று என் வாயை அடைத்துவிட்டார்கள். மூர்த்தி சார் உன் பக்கம் திரும்பினார். நீ அவர்களோடு சேர்ந்துகொள்வாய் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும்தான்.

நீ எழுந்து நின்றாய். "அத்திபெலேல இருக்கறவங்க என்ன பாவம் பண்ணாங்க சார்? நம்ம பயத்த கொண்டுபோய் அவங்க வாசல்ல எறக்கிட்டு வர்றதா?"

"ஏனம்மா, நாய்க்கு பயந்து குடையோட போறவ நீ! நீயே இப்படிப் பேசறியா?"

"பயந்தவதான் சார் பேசறேன். ஆஸ்பத்திரிலேந்து வர்ற வழில வார்டு ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் வந்தேன். தெருநாய தூக்கிட்டுப்போய் வேற எடத்துல வுடக் கூடாது, அது ரூல். கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, புடிச்ச எடத்துலயே வுடுவாங்க. இதுங்கள வெரட்டினா வேற நாய்ங்க வரும். அதுக்கு ஊசி போட்டாங்களா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கு ஊசி போட்ட நாய்தான் வேணும்."

நீ அதோடு விடவில்லை. என்னையும் ஒரு பிடி பிடித்தாய். "ரூல் தெருநாய்க்கு மட்டும்தானா? கெம்பாவுக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா? கயிறு இல்லாம வெளிய வரக் கூடாது. அது போறத நீதான் அள்ளணும்." எல்லாரும் சிரித்தார்கள். கூட்டத்தின் சூடு அந்தச் சிரிப்பில்தான் தணிந்தது. அந்த வாரமே லைசென்ஸ் எடுத்துவிட்டேன்.

குட்டிகள் பால் மறக்கும்வரை தாயைப் பிடிக்க மாட்டோம் என்று நாய் பிடிக்கும் வண்டிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் மணல் குவியலைச் சுற்றிக் கயிறு கட்டி, "தாய் நாய் இருக்கிறது, தள்ளிப் போகவும்" என்று தமிழிலும் கன்னடத்திலும் அட்டையில் எழுதித் தொங்கவிட்டாய். அந்தக் கயிற்றை நீ கட்டி முடிக்கிறவரைக்கும் நான் கருப்பிக்குத் தள்ளிச் சோறு வைத்து அங்கேயே உட்காரவைத்திருக்க வேண்டியிருந்தது.

வண்டி வந்த காலையில் நான் கிளினிக்கில் இருந்தேன். உன் போன் வந்தது.

"எல்லாம் ஏறிடுச்சுடி. கருப்பி மட்டும் சாக்கடை ஸ்லாபுக்கு அடியில பூந்துகிச்சு. வலைய பாத்தா இன்னும் உள்ள போவுது."

"நான் வரட்டுமா?"

"நீ வர்றதுக்குள்ள வண்டி போயிடும். எப்படிக் கூப்புடணும், சொல்லு."

"நீயா?"

"சொல்லுடி!"

"பிஸ்கட் எடுத்துக்கோ. நிக்காத, குந்திக்கோ. கண்ணப் பாக்காத. பேரச் சொல்லி மெதுவாக் கூப்புடு."

போனை நீ வைக்கவில்லை. உன் மூச்சு இரைப்பது கேட்டது. "அம்மா தாயே" என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டாய். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், "கருப்பி... வாம்மா... வா கண்ணு" என்றாய். பிஸ்கட் பாக்கெட் சரசரத்தது. "கையில மூக்க வெக்குதுடி" என்று கிசுகிசுத்தாய். அடுத்து வலை விழுந்த சத்தம், ஆட்களின் கூச்சல். கடைசியில் உன் அழுகை. "புடிச்சிட்டாங்க. அது என்னையே பாக்குதுடி. நான் கூப்புட்டுத்தானே வந்துது."

கருப்பி திரும்பி வரும்வரை நீ சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் கருத்தடை நிலையத்துக்குப் போன் செய்து, தையல் ஆறிவிட்டதா என்று கேட்டாய். காது நுனியில் கருத்தடை ஆனதற்கான சின்ன வெட்டு அடையாளத்தோடு அது அதே மணல் குவியலருகில் வந்து இறங்கியபோது, நீ உன் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாய், குடை இல்லாமல். "ஸ்டாப்பு வந்திருச்சு, எறங்கும்மா" என்றாய். வண்டி டிரைவர்கூடச் சிரித்துவிட்டார். கருப்பி உன்னை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் தன் வழியே போயிற்று. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். உள்ளங்கை பனிக்கட்டி போலிருந்தது.

பிள்ளைகள் விளையாடாத, வீட்டு வாசல்கள் இல்லாத கடைக்கோடிச் சுவரோரம்தான் நாய்களுக்குச் சோறு வைக்க வேண்டும் என்று பிறகு ஏற்பாடு செய்ததும் நீதான். இப்போது அதைக் 'கண்டக்டர் மூலை' என்கிறார்கள். மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் சேலத்துப் பெண், "அவங்களுக்கு நாய்ன்னா உயிரா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "இல்லம்மா, கடைசி வரைக்கும் பயம்தான்" என்றேன். அவள் நம்பவே இல்லை.

எனக்குக் கூட்டத்தில் பேசுவதென்றால் பயம் என்பது உனக்குத் தெரியும். அதுவும் கன்னடத்தில். பயம் போகட்டும் என்று இத்தனை நாளும் காத்திருந்தேன். நீ காத்திருக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. போன மாதம் வார்டு கூட்டத்தில், நம் தெருவுக்குச் செய்ததைப் பக்கத்துத் தெருக்களுக்கும் செய்து தரச் சொல்லி எழுந்து நின்றேன். கன்னடமும் தமிழும் கலந்து, நடுங்கிக்கொண்டேதான் பேசினேன். உன்னைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்கினேன். அதிகாரி இடைமறித்து, "யாரம்மா அவரு?" என்று கேட்டார்.

"நன்ன ஃப்ரெண்டு சார்" என்று, என் சிநேகிதி என்பதைக் கன்னடத்திலேயே சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் நான் நடுங்கவில்லை.