வலை மூட்டை

மூங்கில்துறைப்பட்டு,
11.10.1987

என் வீட்டுக்காரருக்கு அமிர்தம் எழுதுவது. நானும் பிள்ளைகளும் இங்கே சுகம். நீங்கள் அங்கே சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை, கேட்டுவிட்டேன். இதைத் தபாலில் போடவில்லை. ஜெயிலில் பிரித்துப் படிப்பார்களாமே. தெய்வசிகாமணி அண்ணன் செவ்வாய்க்கிழமை உங்களைப் பார்க்க வரும்போது வேட்டி மடிப்பில் வைத்துக் கொண்டுவருவார். படித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் வீட்டுச் சேதி. கரும்புக்குச் சோகை உரித்து, சாயாமல் கட்டும் போட்டாயிற்று. கல்வராயன் மலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு நிற்கிறது. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருக்கிறது. மாடுகள் நன்றாக இருக்கின்றன, செவலை மட்டும் தவிட்டுத் தண்ணீரில் வாய் வைக்காமல் உங்களைத் தேடுகிறது. உங்களைப் பிடித்துப் போன அன்று வெயிலில் வீட்டுக்கு நடந்ததில் இலக்கியாவுக்கு வந்த காய்ச்சல் போன வாரம்தான் முழுசாக விட்டது. தீபாவளிக்குத் துணி எடுக்கவில்லை. பிச்சாவரம் போவதற்கென்று தைத்ததையே போட்டுக்கொள்ளட்டும். ஒரு தடவைதானே உடுத்தினார்கள்.

நீங்கள் சொல்லி அனுப்பியதை அண்ணன் வந்து சொன்னார். நான் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். குடும்பத்தோடு பிச்சாவரம் போனோம், வழியில் மறியலில் மாட்டிக்கொண்டோம், மூட்டையில் மீன் வலைதான் இருந்தது என்று நான் சொன்னால் ரோட்டை மறிக்க மரம் வெட்டிய கேஸிலிருந்து உங்களை விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறாராம். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேராகப் பதிலுக்கு வர எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் திட்டிவிட்டு வருகிறேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடல் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்டு முடியட்டும், நடவு முடியட்டும் என்று தட்டிக் கழித்த மனுஷன், ஆடி மாதத்தில் தானாகவே பேச்சை எடுத்தீர்கள். கிள்ளையில் சிநேகிதர் இருக்கிறார், அவர் படகிலேயே போகலாம், தீவு தீவாகச் சுரபுன்னைக் காடு நிற்கும், நடுவில் சந்து மாதிரி தண்ணீர் ஓடும், படகில் குனிந்துதான் போக வேண்டும் என்றீர்கள். சாயங்காலம் ஆனால் கட்டில்தான் படகு. முன்னால் இலக்கியா, நடுவில் நான், பின்னால் நீங்கள் மூங்கில் கழியோடு. தமிழழகனுக்குத் தூண்டிலில் முள் கட்டச் சொல்லிக் கொடுத்தீர்கள். தண்ணீரைக் கண்டால் எனக்குப் பயம் என்று சொன்னதற்கு, நான் இருக்கையில் உனக்கென்ன பயம் என்றீர்கள். அதைக் கேட்டு அடுப்படிக்குள் போய்ச் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

காலாண்டுப் பரீட்சை முடியவில்லையே, இப்போதே ஏன் என்று கேட்டேன். “லீவு வுட்டா கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், படகு கெடைக்காது” என்றீர்கள். மறியல் வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறதே என்றும் கேட்டேன். “வெடியறதுக்குள்ள உளுந்தூர்பேட்டையைத் தாண்டிக்கினா அப்புறம் இன்னா கவலை” என்றீர்கள். கேட்டதற்கெல்லாம் ஒரு பதில் வைத்திருந்தீர்கள். அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாதாரணமாக நீங்கள் அப்படிப் பதில் சொல்கிற ஆளா.

பூமாலையின் மெட்டடார் வேனில் சாக்கு சுற்றின அந்த மூட்டையை ஏற்றினீர்கள். நம் ஆற்றில் வீசுகிற வலை, அங்கே போய் யாரிடமும் வலைக்குக் கையேந்த வேண்டாம் என்றீர்கள். தமிழழகன் அதன் மேல்தான் உட்கார்ந்து வந்தான். “இன்னாமோ குத்துதுப்பா” என்றான். “வலையில கோத்த ஈயக் குண்டுடா, தள்ளிக் குந்து” என்றீர்கள். உங்கள் குரல் கொஞ்சம்கூட மாறவில்லை.

தியாகதுருகத்தில் போலீஸ் நிறுத்தியதும் நீங்கள் வாயே திறக்கவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்த போலீஸ்காரருக்குப் பதில் சொன்னது நான்தான். “பிச்சாவரம் போறோங்க. படகுல போயி தீவெல்லாம் பாத்துட்டு, மீன் புடிச்சுக்கினு வருவோம்” என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தேன். அவரும் சிரித்துக்கொண்டே, “சீக்கிரம் போய்டுங்கம்மா, மறிச்சிடப் போறாங்க” என்று வழி விட்டார். நல்ல மனுஷன். அவர் முகம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது.

அப்புறம் அந்தப் புளியமரங்களுக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கரும்புக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள், நீங்கள் மூட்டையைப் பிரித்தீர்கள், வலைக்குள்ளிருந்து ரம்பங்களும் கோடாரியும் வந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போது ஒரு பையன் வந்து, “அண்ணி, சோத்துக் குண்டான எடுத்துக்கட்டுமா? அண்ணி புளிச்சோறு கட்டிக்கினு வருவாங்கன்னு அண்ணன் அப்பவே சொல்லிட்டாரு” என்றான். அப்போதுதான் விளங்கியது. ரம்பம் பிடிக்க வந்த பையனுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, பூமாலைக்குத் தெரிந்திருக்கிறது, என் சோற்றுக்குக்கூடக் கணக்குப் போட்டாயிற்று. தெரியாதவள் நான் ஒருத்திதான்.

சோறு போட்டதில் எனக்கு வருத்தமில்லை. பசியோடு வந்த பிள்ளைகள், நன்றாகச் சாப்பிட்டார்கள். இட ஒதுக்கீடு கேட்டதும் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நாளைக்குத் தமிழழகன் படித்துவிட்டு ஒரு வேலைக்குப் போக வேண்டுமென்றால் யாராவது ரோட்டில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அமிர்தம், இதுதான் விஷயம், நீ வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பிள்ளைகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு அந்த ரம்பத்தை நானே மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பேன். அங்கேயே நான் கேட்டதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? “உனக்குத் தெரிஞ்சிருந்தா மூஞ்சியிலயே தெரிஞ்சிடும், அதான் சொல்லல” என்றீர்கள். என் மூஞ்சியை நம்பினீர்கள், என்னை நம்பவில்லை.

மத்தியானம் போலீஸ் வண்டி வந்தபோது எல்லாரும் கரும்புக்குள் ஓடினார்கள். நீங்கள் எங்களை நோக்கி ஓடிவந்தீர்கள், அதனால்தான் மாட்டினீர்கள். அதை நான் மறக்கவில்லை. அந்த வாரத்தில் போலீஸ் சுட்டதில் எத்தனையோ வீட்டில் சாவு விழுந்தது. நீங்கள் உயிரோடு கடலூர் ஜெயிலில் இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் முதலில் சாமிக்கு விளக்கேற்றினேன். கோபம் அப்புறம்தான் வந்தது, வந்தது இன்னும் போகவில்லை. நம்மில் கடல் பக்கம் போய்ச் சேர்ந்தது நீங்கள் ஒருத்தர்தான் என்று அண்ணனிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

சரி, பதிலுக்கு வருகிறேன். கோர்ட்டுக்கு வந்து வக்கீல் சொன்னபடியே சொல்கிறேன். தியாகதுருகத்தில் உங்களுக்காகத் தெரியாமல் ஒரு பொய் சொன்னேன். இப்போது தெரிந்தே சொல்கிறேன். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் அண்ணன் கிளம்புகிற நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்று சொன்னார். தமிழழகனையும் கூட்டிவர வேண்டுமாம். மூட்டை மேல் உட்கார்ந்து வந்தவன் அவன், சின்னப் பிள்ளை சொன்னால் ஜட்ஜ் நம்புவார் என்று வக்கீல் சொன்னதற்கு நீங்களும் சரி என்றீர்களாம். இது மட்டும் என்னால் முடியாது.

பிள்ளைகள் அன்று கண் விழித்தபோது மரம் ரோட்டில் கிடந்தது. நமக்கு வழி கேட்கத்தான் அப்பா போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தேன். வழி கேட்கப் போனவரைத் தப்பாகப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போதும் சாயங்காலம் கட்டில் படகு ஓடுகிறது. பின்னால் உங்கள் இடத்தில் இலக்கியாவை உட்கார விடாமல், அது அப்பா இடம் என்று சண்டை போடுகிறான் உங்கள் மகன்.

கோர்ட்டில் கேட்டால் ஈயக் குண்டு என்றுதான் சொல்வான், சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். ஆனால் அந்தப் பக்கத்து வக்கீல் ரம்பத்தை எடுத்து அவன் முன்னால் வைப்பார். அதன் பல்லைப் பார்ப்பான். தொடையில் குத்திய இடத்தைத் தடவிப் பார்ப்பான். அப்புறம் கூண்டில் நிற்கிற உங்களைத் திரும்பிப் பார்ப்பான். அந்த நேரத்தில் நீங்கள் எந்தப் பக்கம் பார்ப்பீர்கள்?

ராத்திரியில் குளிரும், அண்ணனிடம் போர்வை கொடுத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் வீடு வந்து சேருங்கள். உங்களிடம் நான் இத்தனை வருஷத்தில் கேட்ட கடலை வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அதற்குப் பதிலாக இதைக் கொடுங்கள். நம் வீட்டில் நீங்கள் சொன்னதை அப்படியே நம்புகிறவன் இப்போது அவன் ஒருத்தன்தான். எனக்காக இல்லாவிட்டாலும், உங்களுக்காகவாவது அவனை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சை நம்பி வண்டி ஏறிய
அமிர்தம்